நாளைக்குக் கழற்றுவதாகச் சொன்ன வயர்

கொழும்புக்கு அருகே கொலன்னாவைப் பக்கம் ஒரு தனியார் எண்ணெய்க் கிடங்கில் புதிதாகப் பூட்டிய பம்பின் அதிர்வுக் காவல் சுவிச்சை ஒரு துண்டு வயரால் கட்டிப்போடச் சொன்னவன் நான். கட்டியவர் லெட்சுமணன். பம்ப் தீப்பிடித்த பிறகு, அந்த வயரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். லெட்சுமணன் நான்கு வருடங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வைத்தால், அதற்கு முன் வரும் பக்கங்களில் எனக்கு நல்ல பெயர் தேடிக்கொண்டுவிடுவேன்.

நான் வேலை பார்த்த துறையில் இப்போது இருக்கும் பிள்ளைகள் சிலர், தங்கள் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்தார்கள். இன்று பம்பின் வெப்பமும் அதிர்வும் அவர்களுடைய கைத்தொலைபேசியில் தெரிகின்றன. பம்ப் களனியில் ஓடினால், இவர்கள் பம்பலப்பிட்டியில் தேநீர் குடித்துக்கொண்டே அதைப் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவன் கேட்டான்: "அங்கிள், உங்கட காலத்தில வைப்ரேஷனை எப்பிடிப் பாத்தனீங்கள்? கையை வச்சோ?"

கையும் வைத்தோம் என்றேன். கருவியும் இருந்தது என்றேன். கருவியை நாங்கள் என்ன செய்தோம் என்பதை அன்று சொல்லவில்லை.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், பிறகு கொழும்பில் பொறியியல், பிறகு கொள்ளுப்பிட்டியில் பம்புகளை இறக்குமதி செய்து பூட்டிக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் உத்தியோகம். கலியாணம் செய்து வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கையொன்றில் வாடகைக்கு இருந்தோம். ஒருமுறை இனக்கலவரத்தில் எல்லாம் எரிந்து, கப்பலில் யாழ்ப்பாணத்துக்குப் போய், சில மாதங்களில் அதே ஒழுங்கைக்குத் திரும்பிவந்தோம். அதன் பிறகு நான் பயந்த மனிதன். வெளியில் அது தெரிவதில்லை. வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் இருந்தது.

எனக்கு மேலே இருந்தவர் ஹேரத். குருநாகல்காரச் சிங்களவர். உயர்ந்த, மெலிந்த மனிதர். நான் அவருடன் வேலை செய்த காலம் முழுவதிலும் அவர் குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு பம்பைப் பூட்டி முடித்துவிட்டோம் என்று சொன்னால், அவர் வந்து முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுவார். வெள்ளைக் கைக்குட்டையை விரித்துப் பம்பின் அடித்தட்டுக்குப் பக்கத்தில் போட்டு, அதன்மேல் முழந்தாளிடுவார். கோவிலில் நிற்பவர்போல எல்லோரும் பேசாமல் நிற்போம்.

அவர் பார்ப்பது ஒரே ஒரு விடயத்தைத்தான். பம்புக்கு எண்ணெயைக் கொண்டுவரும் குழாயும், பம்பிலிருந்து கொண்டுபோகும் குழாயும் தத்தம் முட்டுக்கால்களில் தாமாக நிற்கவேண்டும். தங்கள் பாரத்தைப் பம்பின்மேல் போடக்கூடாது. குழாயின் வாயில் பிளான்ஜ் என்ற தடித்த இரும்பு வளையம் இருக்கும். பம்பின் வாயிலும் அப்படி ஒன்று. இரண்டும் முகத்துக்கு முகம் நேராக வந்து, துளைக்குத் துளை பொருந்தினால்தான் போல்ட் போடலாம். ஹேரத் ஏதாவது ஒரு போல்ட்டின் நட்டைக் கழற்றச் சொல்லி, போல்ட்டை இரண்டு விரல்களால் பிடித்து இழுப்பார். விரலுக்கு வந்தால் தலையாட்டுவார். வராவிட்டால், "இதைப் பூட்டவில்லை, இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டு எழும்பிக் கைக்குட்டையை மடித்துக்கொண்டு போய்விடுவார். அதன் பிறகு குழாயை வெட்டி மறுபடி ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது பம்பின் அச்சில் ஒரு டயல் கேஜைப் பொருத்தி அதன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். முள் அசைந்தால் குழாய் பம்பை இழுக்கிறது என்று அர்த்தம். இழுக்கும் குழாயோடு பம்பை ஓட்டினால் அச்சு கோணும், அச்சைத் தாங்கும் பேரிங் சூடேறும், எண்ணெயை உள்ளே மறித்து வைத்திருக்கும் சீல் தேயும். இவை எல்லாம் எனக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன்.

லெட்சுமணன் எங்கள் கருவிப் பகுதிக்காரர். அழுத்தமானி, வெப்பமானி, அதிர்வு சுவிச் என்று பம்பைக் கண்காணிக்கும் எல்லாவற்றுக்கும் வயர் இழுத்து, கட்டுப்பாட்டுப் பெட்டியில் சேர்ப்பது அவர் வேலை. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். முப்பது வயதிருக்கும். மனைவி பார்வதியோடும் சின்ன மகளோடும் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருந்தார். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, நிறுவனம் கொடுத்த அனுமதி எல்லாம் சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறையில் இருக்கும். எங்கள் வான் கிடங்குக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடிகளில் எல்லோரையும் இறக்கிப் பார்த்தாலும், அட்டையைத் திருப்பித்திருப்பிப் பார்ப்பது அவருடையதைத்தான். என்னுடைய உத்தியோகமும் ஆங்கிலமும் எனக்குக் கொஞ்சம் உதவின.

புதிய பம்பை லொறியில் ஏற்றிக்கொண்டு போன நாளில் சாவடியில் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. லெட்சுமணனை மட்டும் இறக்கினார்கள். திரும்ப ஏறியவர் பம்பின் பெட்டியைத் தட்டிச் சொன்னார்: "இவரு எங்கயோ வெளிநாட்டுல பொறந்தவரு. இவர ஒரு கேள்வி கேக்கல பாருங்க. பதுளையில பொறந்தவன்தான் கீழ எறங்கணும். அடுத்த பொறப்புல பம்பாப் பொறக்கணும் சேர்." சாரதி பண்டாவுக்கு அதைச் சிங்களத்திலும் சொன்னார். பண்டா ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தார்.

அந்தக் கிடங்கு கொழும்பின் தொழிற்சாலைகளுக்குக் கொதிகலன் எண்ணெய் கொடுக்கும் இடம். பவுசர் லொறிகளில் வரும் எண்ணெயைச் சூடாக்கிச் சேமிப்புத் தாங்கிகளுக்கு ஏற்றுவதற்கு அந்தப் பம்ப். பழையது பழுதாகிவிட்டது. பவுசர்கள் வெளியில் வரிசையாக நின்றன. நாங்கள் எல்லாவற்றையும் முடித்துக் கடைசிக் குழாயைக் கொண்டுவந்து வைத்தபோது, அது பம்பின் வாயிலிருந்து ஒரு பெருவிரல் அகலம் பக்கவாட்டில் விலகி நின்றது. அளவெடுத்தவன் நான்தான்.

வேறு காலமாயிருந்தால் அரை நாள் வேலை. ஆனால் எண்ணெய்க் கிடங்கொன்றுக்குள் வெட்டும் வாயு உருளையைக் கொண்டுபோக அந்த நாட்களில் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அனுமதி வர எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது. குழாயை வெளியே கொண்டுபோய் வெட்டி ஒட்டித் திரும்பக் கொண்டுவரவும் வாசலில் இராணுவத்தின் கையெழுத்து வேண்டும். ஹேரத் அன்று இல்லை. அவருடைய தாயார் இறந்து ஊருக்குப் போயிருந்தார். கிடங்கு முகாமையாளர் மணிக்கொரு தடவை வந்து பவுசர்களைக் காட்டிவிட்டுப் போனார். தமிழ்ப் பொறியியலாளர் ஒருவர் எண்ணெய் வேலையைத் தாமதப்படுத்துகிறார் என்று யாராவது எங்கேயாவது சொல்லிவிடுவார்களோ என்பதும் எனக்குள் இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன்.

சங்கிலிக் கப்பியைத் தூணில் கட்டி, குழாயை இழுத்து, பிளான்ஜைப் பம்பின் வாய்க்கு நேரே கொண்டுவந்து போல்ட் போட்டு இறுக்கினோம். டயல் கேஜைப் பொருத்தினேன். முள் அசைந்தது. அசைந்து நின்ற இடத்தைப் பார்த்தேன். கேஜைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன்.

பம்பை ஓட்டினோம். சில நொடிகளில் தானாக நின்றது. மறுபடி ஓட்டினோம், மறுபடியும் நின்றது. பேரிங் கூட்டின்மேல் பொருத்தியிருந்த அதிர்வு சுவிச் தன் வேலையைச் செய்தது. பம்ப் அளவுக்கு மீறி நடுங்கினால் அது மோட்டருக்குப் போகும் கட்டளையை அறுத்துவிடும். அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி, அன்று அந்த இடத்தில் இருந்தவர்களில் ஹேரத்தின் வேலையைச் செய்த ஒரே ஒருவர்.

லெட்சுமணன் சுவிச்சின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சுவிச்சில பிழையில்லீங்க சேர். பம்ப் மெய்யாலுமே ஆடுது" என்றார்.

"தெரியும். புதுப் பம்ப், கொஞ்சம் ஓடினாத்தான் அடங்கும். இண்டைக்கு மட்டும் ரெண்டு முனையையும் ஒரு வயராலை கட்டிவிடும். நாளைக்குக் கழட்டுவம்."

"கட்டினா அப்புறம் நிக்காதே சேர்."

"நிக்கத் தேவையில்லை."

அவர் ஒரு துண்டுச் சிவப்பு வயரை வெட்டி, இரு நுனிகளையும் உரித்து, இரண்டு முனைகளுக்கு இடையில் போட்டு இறுக்கினார். ஒளித்துச் செய்யவில்லை. நாளைக்குக் கண்ணில் படட்டும் என்றுதான் சிவப்பு எடுத்ததாகச் சொன்னார். பம்ப் ஓடியது. பவுசர்கள் உள்ளே வரத் தொடங்கின. பம்ப் அறையைப் பார்த்துக்கொள்ளும் பியதாசவிடம், பேரிங் வெப்ப விளக்கு சிவப்பாக வரலாம், பயப்படவேண்டாம் என்று நானே சிங்களத்தில் சொல்லிவிட்டு வந்தேன்.

நாளைக்கு என்று சொன்னபோது, மறுநாள் பௌர்ணமிப் போயா விடுமுறை என்பது எனக்கு நினைவில் இல்லை. வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்தபோது நினைவு வந்தது. ஒரு நாள்தானே என்று இருந்தேன். போயா தினத்துப் பிற்பகலில் தொலைபேசி அடித்தது. பேரிங் எரிந்து, சீல் உடைந்து, சூடான எண்ணெய் பீறி, பம்ப் அறை தீப்பிடித்திருந்தது. தாங்கிகளுக்குத் தீ போகவில்லை. பியதாசவின் முகத்தின் ஒரு பக்கமும் வலது கையும் வெந்துவிட்டன. அவர் பிழைத்தார். விளக்கு சிவப்பாக வந்ததைக் கண்டும், பெரிய ஐயா சொன்னாரே என்று அவர் காத்திருந்திருக்கிறார்.

அந்த நாட்களில் கொழும்பில் எண்ணெய் எரிந்தால் அதை விபத்து என்று ஒருவரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே தீயணைப்பு வண்டிகளைவிட இராணுவ வண்டிகளே அதிகம் நின்றன. சுவிச் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தார்கள். சிவப்பு உறை உருகிப்போயிருந்தாலும் உள்ளே செம்புக் கம்பி அப்படியே இரண்டு முனைகளிலும் கட்டியபடி இருந்தது. யாரோ ஒருவர் வேண்டுமென்று காவலைத் துண்டித்திருக்கிறார் என்பது பொறியியல் தெரியாதவருக்கும் விளங்கும்.

மறுநாள் காலை ஹேரத் தாயாரின் கடமைகளைப் பாதியில் விட்டு வந்தார். வெள்ளை உடுப்பிலேயே வந்திருந்தார். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கரியும் நுரையும் கிடந்த தரையில் கைக்குட்டை விரிக்காமலே முழந்தாளிட்டு, பிளான்ஜின் போல்ட்டுகளைக் கழற்றச் சொன்னார். கடைசிப் போல்ட்டை வெளியே தட்டியதும் குழாய் ஒரு சத்தத்தோடு துள்ளி ஒரு பெருவிரல் அகலம் பக்கத்தில் போய் நின்றது. அங்கே இருந்தவர்களில் அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போனார். பலாமரமொன்றின் கீழ், ஒருவர் காதிலும் விழாத தூரத்தில் நின்றோம்.

"நாகேஸ், குழாயை இழுத்தது நீயா?"

"ஓம் சேர். நான்தான்."

அவர் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"வயர்?"

"தெரியாது சேர்."

குழாயை இழுத்தது கெட்ட வேலை. அதற்கு வேலை போகலாம். வயர் அப்படி அல்ல. அந்த ஆண்டுகளில் ஒரு தமிழன் எண்ணெய்க் கிடங்கில் காவலைத் துண்டித்தான் என்றால் அவன் காணாமலே போகலாம். சின்னதை ஒப்புக்கொண்டால் பெரியதைப் பற்றிச் சொல்வதை நம்புவார்கள் என்று என் மூளை அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டது. ஹேரத் என் முகத்தையே பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னை நம்பினார் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரமே லெட்சுமணனைக் கொட்டாஞ்சேனையில் பிடித்தார்கள். அவருடைய மச்சான் ஒருவர் போர் நடந்த வடக்கில், வவுனியாவில் இருந்தார். அது போதுமாயிருந்தது. அடுத்த நாள் என்னைப் பொலிசுக்கு அழைத்தார்கள். உட்காரக் கதிரை தந்தார்கள். லெட்சுமணனைக் கொண்டுவந்து எனக்கு எதிரே நிறுத்தினார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறை இல்லை. அதிகாரி சிங்களத்தில் கேட்டார், வயரைக் கட்டச் சொன்னது இந்த ஐயாவா என்று.

லெட்சுமணன் என்னைப் பார்த்தார். நான் அதிகாரியின் மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாசைப் பார்த்தேன்.

"நே சேர்," என்று மறுத்தார் அவர். "மோட்டர் ஓடணும்னு நானேதான் கட்டினேன்." அதைச் சுத்தமான சிங்களத்தில் சொன்னார்.

நான் அந்தக் கதிரையிலிருந்து எழும்பி, வெளியே வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறி, வீட்டுக்கு வந்து குளித்தேன்.

பார்வதி ஒருமுறை வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தாள். மகளை இடுப்பில் வைத்திருந்தாள். என் மனைவி தேநீர் கொடுத்தாள். பார்வதி குடிக்காமல் கிளாசைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தன் புருஷன் யார் சொல்லும் கேளாமல் ஒரு கம்பியைக்கூட முறுக்காத ஆள் என்பது எனக்குத் தெரியும்தானே என்றாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்கய்யா, வேற யாரும் எங்களுக்கு இல்ல" என்றாள். அந்த வார்த்தை எது என்று அவளுக்குத் தெரியாது. கம்பனி பார்த்துக்கொள்ளும் என்று நான் சொன்னேன். கம்பனி ஒன்றும் பார்க்காது என்று எனக்குத் தெரியும். அவள் போன பிறகு என் மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததிலிருந்து அவளுக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். எங்களுக்கு ஒரு மகன். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. சாவடிகளில் இளம் பையன்களை நிறுத்தத் தொடங்கும் வயது. அவனைப் பார்த்துப் பார்த்தே இருவரும் பேசாமல் இருந்தோம்.

ஹேரத் அதன் பிறகு என்னை ஒருநாளும் குறை சொல்லவில்லை. ஆனால் நான் பூட்டிய பம்புகளைப் பார்க்க வரும்போது போல்ட்டை இழுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கைக்குட்டையை விரிக்கமாட்டார். நின்றபடியே, "நீ சரி என்று சொன்னால் சரி" என்பார். அதைவிடப் பெரிய தண்டனை ஒன்றை அவர் யோசித்திருக்கமுடியாது.

மகன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு மனச்சாட்சி வந்தது. இதை வேறு விதமாக எழுத வழியில்லை. அவன் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்ன கிழமையிலேயே, ஓய்வு பெற்று நுகேகொடையில் இருந்த ஹேரத்தைத் தேடிப் போனேன். விறாந்தையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "மரத்தின் கீழ் எதற்காக உன்னைத் தனியே கூட்டிப்போனேன் என்று நினைத்தாய்?" என்று கேட்டார். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவரே வந்து, இது தொழிலில் செய்யும் மடத்தனம், எல்லா இடங்களிலும் செய்கிறார்கள், சதி இல்லை என்று சொல்லியிருப்பார். அவர் பெயருக்கு அங்கே மதிப்பிருந்தது. ஒரு சிங்களப் பொறியியலாளரின் வாயிலிருந்து வந்தால் அது விபத்தாகியிருக்கும். அந்த வாயை எனக்குத் தருவதற்காகத்தான் அவர் என்னை மரத்தடிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்.

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு என்னோடு சட்டத்தரணியிடம் வந்தார். சத்தியக் கடதாசி கொடுத்தேன். என்னை அழைத்து விசாரித்தார்கள், ஒரு பகலும் இரவும் வைத்திருந்தார்கள், விட்டுவிட்டார்கள். ஹேரத் வாசலில் காருக்குள் இருந்தார். நிறுவனம் என்னை விலகச் சொன்னது, விலகினேன். சில மாதங்கள் கழித்து லெட்சுமணனின் வழக்கை மீளப்பெற்றார்கள். எனக்கு நடந்தது அவ்வளவுதான். நான் இத்தனை வருடம் பயந்தது இதற்குத்தான்.

லெட்சுமணன் வெளியே வந்ததும் கொழும்பில் ஒருநாள்கூடத் தங்கவில்லை. பண்டாரவளையில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் சோற்றுக் குக்கர்களும் மின்விசிறிகளும் திருத்துகிறார் என்று விசாரித்து அறிந்து, நான் போவதற்கு மேலும் சில வருடங்கள் ஆகின. போனபோது அவருடைய தலை நரைத்திருந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. வயரை அந்தக் கைக்கும் மேசைக்கும் இடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் உரித்தார். அது யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பார்வதி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். மகள் பார்வதியின் தாய் தகப்பனோடு தோட்டத்தில்.

"வாங்க சேர்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அதுதான் என்னால் தாங்கமுடியாமல் இருந்தது.

அன்று பொலிசில் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ரெண்டு தமிழன் பேரு வந்தா சதின்னு எழுதுவாங்க சேர். ஒருத்தன்னா மடத்தனம்னு ரெண்டு அடி அடிச்சு விட்டுருவாங்கன்னு நெனச்சேன். நீங்க வெளிய இருந்தாத்தானே ஹேரத் ஐயாகிட்ட வெவரம் சொல்லி என்னய எடுக்கலாம்." ஒரு திருகாணியை எடுத்து முறுக்கினார். "ஒரு வாரத்துல வருவீங்கன்னு பாத்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். நிறையச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இத என்கிட்ட சொல்லி என்னங்க சேர்? எனக்குத்தான் தெரியுமே. தெரியாத ஆளுங்ககிட்டச் சொல்லுங்க. அந்த பம்ப் ரூமுல போய்ச் சொல்லுங்க. பியதாச அண்ணன் மொகத்த நான்தான் எரிச்சேன்னு அங்க எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

கிடங்கு கை மாறியிருந்தது. பியதாச காலமாகிவிட்டார் என்றார்கள். பழையவர்கள் ஒருவரும் இல்லை. ஆனால் கதை இருந்தது. புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் அறையில், அந்த எரிந்த சுவிச்சை ஒரு பலகையில் அடித்து மாட்டியிருந்தார்கள். செம்புக் கம்பி அப்படியே இருந்தது. வயர் போட்ட புலியின் கதை என்று அந்த வகுப்பு எடுக்கும் இளைஞர் சிரித்தபடி சொன்னார். அவர் பெயர் நுவான், நல்ல பிள்ளை. யுத்தம் முடிந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்.

நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அன்றைய வகுப்பிலேயே பேசுங்கள் என்றார். பன்னிரண்டு பதின்மூன்று பேர் இருந்தார்கள். சிங்களத்தில் சொன்னேன். இழுத்த குழாய், நின்ற பம்ப், சிவப்பு வயர் எல்லாம் சொன்னேன். அதைக் கட்டிய தொழில்நுட்பவியலாளர் லெட்சுமணன் புலி அல்ல, அப்போது பொறுப்பாக இருந்த பொறியியலாளர் சொன்னதைச் செய்தவர் என்றேன். அந்தப் பொறியியலாளர் பயத்தில் உண்மையை மறைத்துவிட்டார் என்றேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். ஒருவர் எழும்பி எனக்கு வணக்கம் சொன்னார். நுவான் தேநீர் தந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார். பல வருடங்களுக்குப் பிறகு நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் லெட்சுமணனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சொல்லிப்போட்டன்" என்றேன்.

"சிங்களத்துலயா?"

"ஓம்."

"என் பேரச் சொன்னீங்களா?"

"சொன்னனான். லெட்சுமணன் ஒரு பிழையும் செய்யேல்லை எண்டு சொன்னனான்."

அவர் பக்கத்தில் பஸ் நிலையத்தின் இரைச்சல் கேட்டது.

"உங்க பேர?"

அந்தப் பொறியியலாளர் என்றுதான் சொல்லியிருந்தேன். அவர் இவர் என்று, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிவிட்டு வந்திருந்தேன். எனக்கு வணக்கம் சொன்ன பிள்ளை, உண்மையைச் சொல்ல வந்த ஒரு பெரியவருக்கு வணக்கம் சொல்லியிருக்கிறான்.

"பரவாயில்லங்க சேர்" என்று லெட்சுமணன் சொன்னார். "ஒரு ஆளு வந்திருக்காங்க, வைக்கிறேன்." அதன் பிறகு நான் அடித்தால் அவர் எடுப்பதில்லை.

மறுபடி கிடங்குக்குப் போனேன். பலகையைக் காணவில்லை. சுவரில் இரண்டு ஆணித் துளைகள்தான் இருந்தன. நுவான் மகிழ்ச்சியோடு சொன்னார், நான் சொன்னதைக் கேட்ட பிறகு முகாமையாளரோடு பேசிப் பலகையைக் கழற்றிவிட்டார்களாம், வகுப்பில் அந்தக் கதையே இப்போது இல்லையாம், ஒருவருக்கும் மனவருத்தம் வேண்டாம் என்று. சுவிச்சைப் பழைய இரும்போடு போட்டாயிற்றாம். அந்தப் பொறியியலாளர் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அது தனக்கு அன்றே விளங்கியது என்று மரியாதையாகச் சொன்னார். இனி அதைச் சொல்வதற்கு அங்கே வகுப்பும் இல்லை, கதையும் இல்லை. அந்த அறையில் இத்தனை வருடங்களாகப் புலியின் கதையைக் கேட்டுப் போனவர்கள் எத்தனை பேர், எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் கட்டுரை கேட்டு வந்த பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். ஆண்டு மலரில் இதைப் போடுவார்களோ தெரியாது. போட்டால் ஒரு சொல்லும் மாற்றவேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். பதுளையில் பிறந்த லெட்சுமணன், அந்தச் சுவிச்சில் பிழையில்லை, பம்ப் உண்மையிலேயே ஆடுகிறது என்று எனக்குச் சொன்னார். வயரைக் கட்டச் சொன்னவன், பிறகு தெரியாது என்று சொன்னவன், வெள்ளவத்தையில் இருக்கும் தம்பையா நாகேஸ்வரன். நான்.